லேபிளோடு மல்லுக்கட்டிய கதைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அட்டவணைப்பிரியன்:
வேறு யாரோ சேகரித்த டேட்டாவை வாங்கி வேலை செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வேரியபிள் லேபிள் (ஒரு பத்தியில் இருப்பது என்ன என்று சொல்லும் குறிப்பு) உங்களைக் காப்பாற்றியிருந்தாலும் கவிழ்த்திருந்தாலும் சொல்லுங்கள். முதலில் நான்.

ஒரு மருத்துவ ஆய்வின் ஃபைல், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டது, கைக்கு வந்தது. பத்திகளின் விவரம் காட்டும் வேரியபிள் வியூவைத் திறந்தால் லேபிள் பத்தி முழுக்கக் காலி. பெயர்களோ கியூ1, கியூ2 என்று போய், நடுவில் நியூ1, நியூ1_ஃபைனல். ஆணா பெண்ணா என்பதற்கான பத்தி எது என்று ஊகிக்க முடிந்தது, ஆனால் அதில் 0, 1 மட்டும்தான். எது யார்? டேட்டா என்ட்ரி செய்தவர் வேலையை விட்டே போயிருந்தார். வேறொரு பத்தியில் 45, 48, 50 என்று எண்கள், பலருக்குக் காலி. மாதவிடாய் நின்ற வயதாக இருக்கும் என்று பட்டது. அது நிரம்பியிருந்த எல்லாருக்கும் 0. சரி, 0 பெண். ஆனால் புகைப்பழக்கக் கேள்வியில் 1 என்றால் ஆமா இல்லையா என்பது கடைசிவரை பிடிபடவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டோம். களத்தில் அத்தனை பேரிடம் கேட்டு வாங்கிய பதில், வீண்.

களப்பணி அக்கா:
தம்பி, லேபிள் இல்லாவிட்டால் இல்லை என்று கண்ணுக்காவது தெரியும். இருக்கிற லேபிள் பொய் சொன்னால் என்ன செய்வீர்கள்?

தேசிய குடும்ப நல ஆய்வின் 4-வது சுற்றையும் (2015-16) 5-வது சுற்றையும் (2019-21) ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் அப்பெண்ட் செய்து, அதாவது ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, ஒரு மாணவி அட்டவணை கொண்டுவந்தாள். இரண்டிலும் மாநிலத்துக்கு வி024 என்றுதான் பெயர். குறியீட்டு எண்கள்தான் வேறு. 4-வது சுற்றில் கிட்டத்தட்ட ஆங்கில அகரவரிசை: தமிழ்நாடு 31, உத்தரப் பிரதேசம் 33. 5-வது சுற்றில் சென்சஸ் எண்: தமிழ்நாடு 33, உ.பி. 9. அப்பெண்ட் செய்யும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் ஃபைலின் (இங்கே 4-வது சுற்று) வேல்யூ லேபிளைத்தான், அதாவது எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற பட்டியலைத்தான், ஸ்டாட்டா வைத்துக்கொள்ளும். 'இந்த லேபிள் ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒரு வரி முணுமுணுக்கும், அவ்வளவுதான். சிவப்பில் எதுவும் வராது. அந்த வரியை யார் படிக்கிறார்கள்?

5-வது சுற்றின் தமிழ்நாட்டுப் பெண்கள் அத்தனை பேரும் உ.பி.க்காரிகள் ஆகிவிட்டார்கள். அந்தச் சுற்றில் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்பது) உ.பி.க்கு 2.4, தமிழ்நாட்டுக்கு 1.8. அட்டவணையிலோ உ.பி.யில் பிள்ளைப்பேறு தடாலடியாக இறங்கியிருந்தது. அரசுத் திட்டங்களைக் காரணம் காட்டி ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தாள், பாவம்.

காட்டிக்கொடுத்தது டாமன் டையூ. 4-வது சுற்றில் 9 என்பது அதன் எண். அந்தக் குட்டி யூனியன் பிரதேசத்தில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பேட்டி எடுத்ததாக வந்தால் யாருக்குத்தான் உறுத்தாது?

இப்போதெல்லாம் நான் ஒவ்வொரு ஃபைலிலும் டிகோட் கட்டளை போட்டு, மாநில எண்ணைப் பெயராக மாற்றிவிட்டு, அப்புறம்தான் சேர்க்கச் சொல்கிறேன். பெயரின் ஸ்பெல்லிங் இரண்டிலும் ஒன்றுதானா என்று ஒரு டேபும் (எண்ணிக்கை அட்டவணை) போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆர்_பித்தன்:
அக்கா, வயிற்றைக் கலக்குகிறீர்கள். ஆர் மென்பொருள் பக்கம் வேறு தொல்லை. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் 97 தெரியாது, 98 சொல்ல மறுத்தார், 99 பொருந்தாது என்று மிஸ்ஸிங்காக, அதாவது பதில் இல்லாததாக, அறிவித்து வைத்திருப்பார்கள். அந்த ஃபைலை ஆரில் ஹேவன் பேக்கேஜ் வழியாகத் திறந்தால் மூன்றும் ஒரே என்.ஏ. (வெற்று மதிப்பு) ஆகிவிடும். யூசர்_என்ஏ என்பதை ட்ரூ ஆக்கினால்தான் பிரிந்து வரும். வருமானக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்ல மறுத்தார் என்பதே ஒரு தகவல். அதைப் போய் 'பொருந்தாது' என்பதோடு சேர்த்துக் குப்பையில் போடுவதா? ஸ்டாட்டாவில் மிஸ்ஸிங்குக்கே 27 வகை உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

புதியவள்:
ஸ்டாட்டாவில் தமிழிலேயே லேபிள் போடலாமா? கேள்வித்தாள் முழுக்கத் தமிழ்தான்.

அட்டவணைப்பிரியன்:
தாராளமாகப் போடலாம். 2015-இல் வந்த 14-வது பதிப்பிலிருந்து எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோட் உண்டு. ஆனால் வேரியபிள் லேபிளுக்கு 80 எழுத்துதான் வரம்பு. புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. கேள்வி பாதியில் வெட்டுப்படும். அதனால் லேபிளில் சுருக்கம் மட்டும் போதும். கேள்வியின் முழு வாசகம், அலகு, யாரிடம் கேட்டது, யார் எப்போது திருத்தியது, இதையெல்லாம் நோட்ஸ் கட்டளையில் எழுதுங்கள். நடுவில் டி.எஸ். (TS) என்று இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்தைத் தனியாகப் போட்டால் அன்றைய தேதியும் நேரமும் தானாக விழும்.

களப்பணி அக்கா:
அப்பெண்ட் செய்தால் அந்த நோட்ஸும் கூட வருமா தம்பி?

அட்டவணைப்பிரியன்:
வரும் அக்கா. நோநோட்ஸ் என்று நீங்களே தடுக்காதவரை.