ஹைன்ரிக் படிவுகள்: பனிவிரிப்பு தானே சரிந்ததா, கடல் அதைச் சரித்ததா?

துருவன்:
வட அட்லாண்டிக்கின் அடியிலிருந்து எடுக்கப்படும் சேற்றுத்தூண்களில், நுண்ணுயிர் ஓடுகள் நிறைந்த வெளிர்ந்த படிவுக்கு நடுவே, கல்துகள்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சொல்லத்தக்க அடுக்குகள் சில இருக்கின்றன. 1988-இல் ஹார்ட்மூட் ஹைன்ரிக் இவற்றை ஒரு கடலடி மேட்டின் மீது கண்டு விவரித்தார். மேட்டின் உச்சிக்குச் சேற்று நீரோட்டங்கள் ஏறி வருவதில்லை. ஆகவே உருகிக்கொண்டே மிதந்து சென்ற பனிப்பாறைகள்தாம் அந்தத் துகள்களை உதிர்த்திருக்க வேண்டும். பெரும்பாலான அடுக்குகளில் காணப்படும் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை) வட அமெரிக்காவின் ஹட்சன் நீரிணைப் பகுதியைச் சுட்டுகின்றன. அடுக்குகளும் லாப்ரடார் கடலில் தடித்துத் தொடங்கி, கிழக்கே செல்லச் செல்லச் சில சென்டிமீட்டராக மெலிகின்றன.

கடந்த பனியுகத்தில் வட அமெரிக்காவை மூடியிருந்த பனிவிரிப்பு இப்படிக் கடலில் சரிந்ததை விளக்கக் காலநிலையைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை என்பது என் வாதம். 1993-இல் பனியியலாளர் மெக்கேயல் சொன்னது போல, பனிவிரிப்பு தடிக்கத் தடிக்கப் புவியின் உள்வெப்பம் வெளியேற வழியின்றி அடியில் தங்குகிறது; அடித்தளம் உருகுநிலையை எட்டியதும், ஹட்சன் விரிகுடாவின் மென்மையான படிவின் மீது பனி முழுவதும் வழுக்கிக் கடலில் இறங்குகிறது; மெலிந்தபின் அடி மீண்டும் உறைகிறது. அவர் கணக்கில் இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் ஆகின்றன. படிவுகளின் இடைவெளியும் ஏறக்குறைய அதுவே.

கடலடி:
அந்தக் கணக்கின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விளக்காமல் விடுவதே முக்கியமானது. கிரீன்லாந்தில் துளைத்தெடுத்த பனித்தூண்களில் தெரியும் வெப்ப ஏற்ற இறக்கங்களோடு இந்த அடுக்குகளை 1993-இல் ஜெரார்டு பாண்டும் உடனுழைத்தோரும் பொருத்திப் பார்த்தபோது, தொடர்ச்சியாகக் குளிர்ந்துகொண்டே வரும் ஒவ்வொரு தொகுதியின் மிகக் குளிர்ந்த முனையிலேயே ஹைன்ரிக் அடுக்கு அமைந்திருந்தது. அதன்பின் திடீர் வெப்பமேற்றம் வந்தது. காலநிலையைப் பொருட்படுத்தாமல் ஓடும் கடிகாரம் ஒவ்வொரு முறையும் அதே தருணத்தில் மணியடிக்குமா?

பனிப்பாறைகளே குளிரைக் கொண்டுவந்தன என்று நீங்கள் சொல்லக்கூடும். ஐஸ்லாந்துக்குத் தெற்கே எடுத்த படிவுகளைக் கொண்டு பார்க்கர் குழுவினர் 2015-இல் காட்டியது அதற்கு நேர்மாறானது: குளிர்ச்சி முதலில் தொடங்குகிறது, கல்துகள்கள் பின்னர்தான் வருகின்றன.

துருவன்:
பார்க்கரின் இடத்தில் விழுந்த துகள்களை ஹட்சன் நீரிணையின் பெருஞ்சரிவோடு அப்படியே சமமாக்க இயலாது. அது கிழக்கு அட்லாண்டிக்கின் கதை. அங்கே வேறு கரைகளின் பனிப்பாறைகளும் உதிர்த்திருக்கும்.

ஒத்திசைவைப் பொறுத்தவரை, சரியக் காத்திருக்கும் பனியைச் சிறு தூண்டுதலே சரித்துவிடும். தூண்டுதல் வெளியிலிருந்து வந்ததால் அடித்தள வெப்பம் தேவையற்றதாகிவிடாது. என் உண்மையான ஐயம் வேறொன்று. கடல்தான் பனியைக் கரைத்தது என்கிறீர்கள். ஆனால் அடுக்குகள் மிகக் குளிர்ந்த காலத்தில் விழுந்தன என்றும் நீங்களே சொல்கிறீர்கள். குளிர்ந்த கடல் எப்படிப் பனியைக் கரைக்கும்?

கடலடி:
மேற்பரப்புதான் குளிர்ந்திருந்தது. அட்லாண்டிக்கின் கவிழ்வோட்டம் (வெப்பநீரை மேலே வடக்கே கொண்டுசென்று, குளிர்ந்தபின் ஆழத்தில் தெற்கே திருப்பும் சுழற்சி) தளரும்போது, தெற்கிலிருந்து வரும் வெப்பம் வடக்கே மேலெழுந்து வளிமண்டலத்துக்குச் செல்வது நின்றுவிடுகிறது. நன்னீரும் கடற்பனியும் மூடிபோல் மேலே கிடக்க, சில நூறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே வெப்பம் தேங்குகிறது. பனியாறு கடற்படுகையைத் தொட்டு நிற்கும் இடமும் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. மார்க்காட் குழுவினர் 2011-இல் லாப்ரடார் கடலின் அடிவாழ் ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிரிகளின் ஓடுகளில், நீரின் வெப்பத்தைக் காட்டும் மக்னீசியம்–கால்சியம் விகிதத்தை அளந்து, அடுக்குகள் விழுவதற்கு ஓராயிரம் முதல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்நீர் வெப்பமடையத் தொடங்கியதைக் காட்டினார்கள்.

மேலே குளிர், கீழே வெப்பம் என்பதில் விந்தை ஒன்றுமில்லை. இன்று அண்டார்க்டிகாவின் அமுண்ட்சென் கடலில் பைன் தீவுப் பனியாற்றை அடியிலிருந்து அரிப்பதும் இத்தகைய ஆழ்நீர்தான்.

நுண்ணோடு:
இருவரும் ஆண்டுக்கணக்கை மிகவும் நம்பிப் பேசுவதால் குறுக்கிடுகிறேன். கடல் ஓடுகளின் கார்பன்-14 வயதில் இருந்து நீரின் பழமையை, அதாவது அந்த நீரிலுள்ள கார்பனே காட்டும் கூடுதல் வயதை, கழித்தாக வேண்டும். இன்றைய மேற்பரப்பு நீருக்கு அது சராசரியாக 400 ஆண்டுகள். ஆனால் கவிழ்வோட்டம் தளர்ந்திருந்த காலத்தில், நீங்கள் வாதிடும் அதே இடத்தில், அது அதைவிடப் பெரிதாக இருந்ததற்குச் சான்றுகள் உள்ளன. அதாவது நீங்கள் எந்த நிகழ்வின் காலத்தை அறிய முயல்கிறீர்களோ, அந்த நிகழ்வே உங்கள் கடிகாரத்தைப் பிழையாக்கிவிடுகிறது. கிரீன்லாந்துப் பனியின் ஆண்டுகளோடு கடற்சேற்றின் ஆண்டுகளை ஒப்பிட்டு எது முந்தியது என்று சில நூற்றாண்டு வித்தியாசத்தில் தீர்ப்புச் சொல்வோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வருவதுண்டு.

இரண்டாவது இடர்ப்பாடு புழுக்கள். பெருங்கடலின் நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் சேறே சேர்கிறது. அதைச் சிற்றுயிர்கள் பத்து சென்டிமீட்டர் வரைகூடக் கிளறிக் கலக்கிவிடுகின்றன. ஹைன்ரிக் அடுக்குக்குள் ஓடுகள் மிகவும் அரிது. எனவே அதற்குள் ஓர் ஓடு கிடைத்தால், அது அந்தக் காலத்தில் வாழ்ந்ததா, கீழிருந்தோ மேலிருந்தோ இழுத்துவரப்பட்டதா என்று கேட்காமல் அதன் வேதியியலை அளப்பது வீண். பாகிஸ்தான் கரைக்கு அப்பாலுள்ள அரபிக்கடல் படிவுகளில், ஆக்சிஜன் குறைந்து சிற்றுயிர்கள் வாழாத வெப்பக் காலங்களின் மெல்லிய வரிகள் கலையாமல் இருக்கின்றன. ஆனால் அங்கே பதிவானது பருவமழையின் மாற்றமே தவிர, பனிப்பாறையின் கல் அன்று.

துருவன்:
அப்படியானால் வெப்பமேற்றமே முந்தியது என்று மார்க்காட் காட்டிய வரிசையும் ஐயத்துக்குரியதாகிறது.

கடலடி:
ஆகாது. அங்கே இரு வேறு கடிகாரங்கள் ஒப்பிடப்படவில்லை. வெப்பமேற்றமும் கல்துகளும் ஒரே தூணில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன; வயது பிழையாகலாம், கீழே கிடப்பது மேலே கிடப்பதைவிட முந்தியது என்பது பிழையாகாது. லாப்ரடார் கடலில் படிவு விரைவாகச் சேர்கிறது. கிளறல் எல்லையை மங்கலாக்கும். ஓராயிரம் ஆண்டு நீளமுள்ள ஏற்றத்தை அடுக்குக்குக் கீழே புதிதாக உண்டாக்கிவிடாது.

நுண்ணோடு:
அதை ஏற்கிறேன். நான் எச்சரித்தது வெவ்வேறு பதிவுகளை ஆண்டுக்கணக்கால் கோப்பதைப் பற்றியே.

வடதிசை:
இவையெல்லாம் மனிதரின் புகை இல்லாமலேயே நிகழ்ந்தன என்றால், இன்றைய அண்டார்க்டிக் பனியாறுகளைப் பற்றிய அச்சம் மிகையல்லவா?

கடலடி:
மின்னலாலும் காடு எரிந்தது என்பதால் தீக்குச்சி தீங்கற்றதாகிவிடாது. 2002-இல் அண்டார்க்டிகாவின் லார்சன் பி என்னும் மிதக்கும் பனித்தட்டு உடைந்தபின், அதற்குப் பின்னால் நின்ற பனியாறுகள் விரைந்ததை அளந்தே பார்த்தார்கள். முட்டுக்கொடுத்த தட்டு போனால் பனி விரையும் என்பதற்கு அது சான்று. தட்டை நலியச் செய்தது யார் என்பது தனிக் கேள்வி.

துருவன்:
தலைப்புக்குத் திரும்புவோம். ஒரே தூணின் வரிசை என்ற வாதத்துக்கு நான் பணிகிறேன்; தூண்டுதல் கடலிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் கிரீன்லாந்தில் தெரியும் திடீர் ஏற்ற இறக்கங்கள் ஹைன்ரிக் அடுக்குகளைவிடப் பல மடங்கு அதிகம். அவற்றின் குளிர்ப்பகுதி ஒவ்வொன்றிலும் ஆழ்நீர் வெப்பமடைந்திருக்க வேண்டும் என்றால், ஹட்சன் நீரிணை ஏன் ஒவ்வொரு முறையும் சரியவில்லை? சிலமுறை மட்டும் சரிய, இடைப்பட்ட காலத்தில் ஏதோ ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். அதைத்தான் நான் அடித்தள வெப்பம் என்கிறேன்.

கடலடி:
கேள்வி சரியானது; கடல் மட்டுமே போதும் என்போர் இதில் தடுமாறுவது உண்மை. ஆனால் சேர்வது வெப்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாஸிஸ் குழுவினர் 2017-இல் முன்வைத்த மாதிரியில் பனியின் எடையால் பாறைப்படுகை மெல்ல அமிழ்கிறது. போதிய அளவு தாழ்ந்தபின்தான் நீரிணையின் வாயிலைத் தாண்டி வெப்பமான ஆழ்நீர் பனியின் அடிமுனையை எட்டுகிறது. பனி பின்வாங்கி எடை குறைந்ததும் படுகை உயர்ந்து வாயிலை அடைத்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சரிவு ஏன் தொடங்கியது என்பதோடு ஏன் நின்றது என்பதற்கும் ஒரே காரணம் கிடைப்பதுதான்.

துருவன்:
உங்கள் படுகை அமிழ்வதற்கும் என் பனி தடிப்பதற்கும் தேவைப்படுவது ஒரே பனிச்சுமைதான். இரண்டும் கூடவே நடக்கும். பிரித்தறிய ஒரு வழி தோன்றுகிறது. கடல் தொடங்கியிருந்தால் சரிவு நீரிணையின் வாயிலிலிருந்து உள்நோக்கிப் பரவியிருக்கும். அடியில் உருகியதால் தொடங்கியிருந்தால் விரிகுடாவின் உட்பகுதிப் பொருள் முதலிலேயே கலந்து வந்திருக்கும். ஓர் அடுக்கின் கீழ்விளிம்பிலிருந்து மேல்விளிம்பு வரை துகள்களின் மூலப்பாறை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நுண்ணோடு:
கிழக்கு அட்லாண்டிக்கின் மெல்லிய அடுக்குகளில் அதைத் தேடவேண்டாம். புழுக்கள் அந்த வரிசையைக் கலைத்துவிட்டிருக்கும். லாப்ரடார் கடலின் தடித்த அடுக்குகளை எடுங்கள். அங்கும் நீரிணை வாயிலின் பாறையையும் உட்பகுதியின் பாறையையும் ஐயமின்றிப் பிரிக்கும் அடையாளம் ஒன்றை முதலில் சொல்லுங்கள். சுண்ணாம்பு இரண்டு இடத்திலும் இருக்கிறது.