பயனர் வலை அடைவு: ‘திண்ணை’ வேண்டாம், ‘முன்கட்டு’ எனலாம்

அன்புள்ள குழுவினருக்கு, பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம்.

ஒரே வழங்கியில் (server) கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவுக்குள்ளேயே (home directory) தமக்கென ஒரு வலைத்தளம் வைத்துக்கொள்ள, அப்பாச்சி என்னும் வலை வழங்கி மென்பொருள் ஒரு வசதி தருகிறது. தமிழ்க் கையேட்டில் அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், சென்ற மடலில் நான் ‘திண்ணை’ என்று சொல்லியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டின் முன்பகுதியைக் குறிக்கும் ‘முன்கட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

திண்ணை வீட்டுக்காரருக்கு உரியது, ஆனாலும் வழிப்போக்கர் கேட்காமலே உட்காரலாம் என்பதுதான் அன்று எனக்குத் தோன்றிய பொருத்தம். திண்ணையில் உட்காருகிறவர் வாசற்படியைத் தாண்டுவதே இல்லை, வலைப்பக்கங்களை வைக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல் (public_html) அடைவோ வீட்டுக்கு உள்ளே அல்லவா இருக்கிறது என்று மதுரை நண்பர் மறுத்திருந்தார். அந்த மறுப்பின் முழு வலுவும், எங்கள் வீட்டுக் கணினியில் இதை அமைத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பழைய கணினி ஒன்றில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, வீட்டில் மூவருக்கும் கணக்குத் தொடங்கியிருந்தேன். இந்த வசதியைத் தரும் யூசர்டிர் (userdir) என்னும் அப்பாச்சிக் கூறினை இயக்கி, அப்பாச்சியை மறுபடி தொடங்கிய பின், மகள் தன் அடைவில் பப்ளிக்_எச்டிஎம்எல் உருவாக்கி அதில் ஒரு பக்கத்தை எழுதி வைத்தாள். முகவரியில் அலைக்குறியையும் (~) அவள் பயனர்பெயரையும் இட்டுத் திறந்தால், பார்க்க அனுமதியில்லை என்னும் 403 மறுப்புத்தான் வந்தது. (அனுமதி எண்ணின் மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், அவர் குழு, வெளியார் ஆகியோரின் உரிமைகள். 4 படிக்க, 2 எழுத, 1 அடைவைக் கடந்து போக; இவற்றின் கூட்டுத்தொகையே இலக்கம்.) பக்கத்தின் அனுமதி 644, அது இருந்த அடைவின் அனுமதி 755, இரண்டிலும் பிழையில்லை. தடை அதற்கு மேற்படியில் இருந்தது. உபுண்டு 21.04 பதிப்பு முதல் புதிய பயனரின் வீட்டு அடைவு 750 என்ற அனுமதியோடுதான் உருவாகிறது, அதாவது வெளியாருக்கு எந்த உரிமையும் இல்லை. அப்பாச்சி தனக்கென உள்ள ஒரு பயனர்பெயரில் இயங்குவதால் மகளின் அடைவுக்கு அதுவும் வெளியாள்தான். வீட்டு அடைவை 711 ஆக்கியவுடன் பக்கம் திறந்தது.

அந்த இறுதி 1 என்ன சொல்கிறது என்பதில்தான் நாம் தேடும் சொல் இருக்கிறது. வெளியாள் இந்த அடைவைக் கடந்து போகலாம், ஆனால் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியலிட்டுப் பார்க்க இயலாது. (பெயர் தெரிந்த கோப்பை, அதன் சொந்த அனுமதி இடங்கொடுத்தால் எடுத்துவிடலாம். ஆகவே மறைவாக இருக்க வேண்டியவற்றை 600 என்றே வைக்க வேண்டும்.) எங்கள் பக்கத்து வளவு வீடுகளில் வருகிறவர் நடையைக் கடந்து முன்கூடமாகிய தார்சாவில் உட்காருவார். உள்கூடமாகிய பட்டாசலோ அடுக்களையோ அவர் பார்வைக்கு உரியவை அல்ல. இதை அப்படியே எண்ணில் எழுதினால் 711 தான்.

அப்படியானால் ‘தார்சா’ என்றே வைத்துவிடலாமே என்று மனம் சொல்லத்தான் செய்தது. நான் பிறந்து வளர்ந்த சொல் அது. ஆனால் கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ கையேடு படிப்பவருக்கு முதலில் தார்சாவை விளக்கி, அதன் பிறகு அடைவை விளக்க வேண்டியிருக்கும். முன்கட்டு, இரண்டாங்கட்டு என்பவை பல ஊர்களிலும் புழங்குபவை. முன்கட்டு வாசலுக்கு உள்ளே இருப்பது, வந்தவர் இருக்கத் தக்கது, வீட்டுக்காரர் திறந்தால்தான் திறப்பது.

மற்ற முன்மொழிவுகளில் ‘பொது அடைவு’ எல்லாரும் எழுதத்தக்க பகிர்வு அடைவு என்ற மயக்கத்தைத் தரும். ‘முற்றம்’ எங்களூரில் கோலம் போடும் வாசல்வெளி, வேறு ஊர்களில் வீட்டின் நடுவே உள்ள வானவெளி. ‘புறத்திண்ணை’யில் ஓர் எழுத்து விடுபட்டால் இலக்கணப் புறத்திணை ஆகிவிடும். ‘பயனர் வலை அடைவு’ பிழையற்றதுதான், விளக்கமாக அதை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு உவமை நாம் வலிந்து கொண்டுவந்ததும் அன்று. 1970களில் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) கணினி முனையத்தில் அலைக்குறியும் ‘ஹோம்’ என்ற சொல்லும் ஒரே விசையில் பொறிக்கப்பட்டிருந்தன. வீட்டு அடைவுக்கு அலைக்குறி நிற்கும் வழக்கத்தை அந்த விசையோடு சேர்த்தே சொல்வார்கள்.

கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. வசதியை இயக்குவது முன்கட்டுத் திறப்பு, நிறுத்துவது முன்கட்டு அடைப்பு. டெபியனும் உபுண்டுவும் தரும் அமைவுக் கோப்பின் ஒரு வரியைக் கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன் (ரூட் என்பது முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு): “ரூட் பயனரின் முன்கட்டு எப்போதும் அடைக்கப்பட்டிருக்கும், ஏனையோர் தத்தம் வீட்டு அடைவில் முன்கட்டை அமைத்துக்கொள்ளலாம்.” ‘முன்கட்டிய’ (முன்பே கட்டிய) என்பதோடு குழம்பும் என்று கருதுவோர், குழம்பக்கூடிய ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதினால் அதை வைத்தே முடிவு செய்யலாம்.