ஹோம்வொர்க்கை ஏன் எண்ணக்கூடாது?

புங்கோல் அப்பா:
மகள் தொடக்கநிலை 4. 'ஐ ஹேவ் மெனி ஹோம்வொர்க்ஸ்' என்று எழுதிய வரியில் சிவப்பு மை. "அஞ்சு வொர்க்‌ஷீட் இருக்கேப்பா, எண்ண முடியுதே, அப்புறம் எப்படி எண்ண முடியாத பெயர்?" என்கிறாள். எனக்கு வாயடைத்துவிட்டது. நானே ஆபீஸ் மெயிலில் 12 வருஷமாக 'எக்விப்மென்ட்ஸ்' எழுதுகிறவன்.

தேக்கா வாத்தியார்:
நியாயமான கேள்வி. பொருளை எண்ண முடியுமா என்பதல்ல, ஆங்கிலம் அந்தச் சொல்லை எப்படி நடத்துகிறது என்பதுதான் விஷயம். நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சர் மொத்தத்துக்கும் பெயர், அதற்கு எஸ் கிடையாது. 'சஜெஷன்' எண்ணும், 'அட்வைஸ்' எண்ணாது. பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், என்ன செய்ய! லக்கேஜ், இன்ஃபர்மேஷன், உங்கள் எக்விப்மென்ட் எல்லாம் இதே ரகம். எண்ணியே தீரவேண்டும் என்றால் 'எ பீஸ் ஆஃப்'. மகளை 'எ லாட் ஆஃப் ஹோம்வொர்க்' என்று எழுதச் சொல்லுங்கள். எண்ணாத பெயரோடு 'மெனி'க்குப் பதில் வரும் 'மச்' பெரும்பாலும் கேள்வியிலும் மறுப்பிலும்தான் இயல்பாக வரும்.

நம்மிடமும் உண்டே: கடையில் 'ரெண்டு அரிசி கொடுங்க' என்றா கேட்கிறோம்?

கோப்பி ஓ:
அப்போ 'டூ காஃபீஸ்' தப்பா?

தேக்கா வாத்தியார்:
தப்பில்லை, சரிதான். அங்கே கணக்கு கோப்பைக்கு. 'ஹேர்' அப்படித்தான்: தலையில் இருக்கும்வரை எண்ணாது, சூப்பில் விழுந்தால் 'எ ஹேர்'.

புங்கோல் அப்பா:
சூப் முடியைக் கேட்டுச் சிரித்தாள், புரிந்துவிட்டதாம். உடனே அடுத்தது: "நியூஸ்ல எஸ் இருக்கே?"

தேக்கா வாத்தியார்:
எஸ் இருந்தாலும் ஒருமை. 'தி நியூஸ் இஸ்'.