மலைப் படங்கள் 1,140: வேர்ட்பிரஸ் மீடியா லைப்ரரியில் எப்படிப் பிரித்து வைப்பது?

செக்கானூரணி டீச்சர்

வணக்கம். மதுரைக்கு மேற்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத்துச் சமணர் மலைகளுக்குப் போவோம். கீழக்குயில்குடி, கொங்கர்புளியங்குளம், யானைமலை, அரிட்டாபட்டி, கீழவளவு, மாங்குளம் என்று மூன்று வருடத்தில் 14 மலைகள் ஏறியிருக்கிறோம். பிள்ளைகள் எழுதுவதை, இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ்.காமில் இலவசத் திட்டத்தில் ஒரு தளம் வைத்துப் போட்டு வருகிறேன்.

ஏற்றிய படமெல்லாம் சேரும் மீடியா லைப்ரரியில் இப்போது 1,140 படங்கள். 1 ஜிபியில் 870 எம்பி நிரம்பிவிட்டது. ஆனால் ஒரு படத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. மாத வாரியாகப் பிரிக்கலாம்தான், ஆனால் அது நான் ஏற்றிய மாதம், மலைக்குப் போன மாதம் இல்லை. கீழக்குயில்குடி மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. அங்கே மட்டும் இருநூறு படம் எடுத்திருக்கிறோம். சின்னக் கட்டங்களாகப் பார்க்கும்போது அத்தனையும் ஒரே பழுப்புப் பாறைதான்.

போன வாரம் இடம் காலியாக்கலாம் என்று 'இணைக்கப்படாதவை' என்ற வடிகட்டியைப் போட்டேன். 212 படம் காட்டியது. எந்தப் பதிவிலும் இல்லாதவை என்று நினைத்து அவ்வளவையும் அழித்தேன். மறுநாள் பார்த்தால் ஒன்பது பதிவுகளில் படம் இருந்த இடம் வெறும் கட்டம். எழுதிய பிள்ளை ஒருத்தி, "டீச்சர், என் யானைமலை எங்கே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. ஒரு மலையில் தீர்த்தங்கரர் சிற்பத்துக்குப் பக்கத்தில் யாரோ வெள்ளைப் பெயின்டால் பெயர் எழுதியிருக்கிறார்கள். முன்பு அது இல்லை என்று தேதியோடு காட்டி மனு கொடுக்க வேண்டும். அந்தப் படம் எங்களிடம் நிச்சயம் இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. ஃபோல்டர் போட வழி உண்டா?

புதூர் ஸ்டூடியோ

டீச்சர், இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் வரும். அதில் தளத்துக்குப் போவது பதினைந்து. நீங்கள் தளத்தையே பீரோவாக வைத்திருக்கிறீர்கள், அதுதான் கோளாறு. அது கடையின் கண்ணாடி அலமாரி மாதிரி. சரக்கு பின்னால் குடோனில் இருக்கணும்.

ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். அதில் மலைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் போன தேதிக்கு ஒன்று. முழு அளவுப் படம் எல்லாம் அங்கே. இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் கட்டாயம் வேண்டும். ஒரே டிஸ்கை நம்பி ஒரு வீட்டின் வளைகாப்புப் படங்களை இழந்தவன் நான். அந்த அம்மாவிடம் போய்ச் சொன்ன நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

தளத்துக்குப் போகும் படத்தை மட்டும் 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். போனில் எடுத்தது 4 எம்பி இருக்கும். சுருக்கினால் 350 கேபி பக்கம் வரும். 4 எம்பி கணக்கில் 1 ஜிபிக்கு 250 படம்தான் கொள்ளும். சுருக்கினால் இரண்டாயிரத்துக்கு மேலேயே போகும்.

இணைய வேலை

டீச்சர், முதலில் அந்த 212. பதிவுக்குள் இருந்தபடியே ஏற்றிய படத்தைத்தான் அது இணைந்ததாகக் கணக்கு வைக்கும். முதலில் லைப்ரரியில் மொத்தமாக ஏற்றி, அப்புறம் பதிவில் செருகினால் இணைப்பு விழாமலே போகலாம். பதிவின் முகப்புப் படமும் அப்படித்தான். ஆகவே 'இணைக்கப்படாதவை' என்பதற்குப் 'பயன்படாதவை' என்று அர்த்தம் இல்லை. லைப்ரரியில் குப்பைத்தொட்டியும் கிடையாது, அழித்தால் போனதுதான். அதே பெயரில் மறுபடி ஏற்றினாலும் பழைய பதிவில் தானாக வராது, ஏனென்றால் படத்தின் இணைய விலாசத்தில் ஏற்றிய வருடமும் மாதமும் இருக்கும். ஒன்பது பதிவையும் திறந்து கையால்தான் மாற்ற வேண்டும்.

ஃபோல்டர்: வேர்ட்பிரஸில் அடிப்படையாக இல்லை. விக்ஸ் என்ற இன்னொரு தளச் சேவையில் உண்டு. வேர்ட்பிரஸில் ஃபைல்பேர்டு மாதிரி பிளக்இன் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) போட்டால் கிடைக்கும், ஆனால் இலவசத் திட்டத்தில் பிளக்இன் போட முடியாது. அந்த ஃபோல்டரும் மேலுக்குத்தான்; படம் இருக்கும் இடம் மாறாது, பிளக்இனை எடுத்தால் ஃபோல்டர் போய்ப் படம் மட்டும் மிஞ்சும். அதற்காகப் பள்ளிக்கூடத்துத் தளத்துக்குப் பணம் கட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தேடலை நம்புங்கள். படத்தைத் திறந்தால் தலைப்பு, கேப்ஷன், விளக்கம், மாற்று உரை என்று இடங்கள் இருக்கும். தலைப்பிலும் விளக்கத்திலும் ஊர், இடம், தேதி எழுதினால் தேடலில் வரும். மாற்று உரை பார்வையில்லாத வாசகருக்கானது. அதில் தேதி வேண்டாம், படத்தில் என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள். தலைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கோப்பின் பெயரை ஏற்றிய பிறகு மாற்ற முடியாது, அதனால் ஏற்றும் முன்பே சரியாக வையுங்கள். தமிழில் வேண்டாம். விலாசத்தில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 9 எழுத்தாக விரியும். 'கீழக்குயில்குடி' உள்ளுக்குள் 15 குறி, ஆக 135 எழுத்து!

இனி எதையும் அழிக்கும் முன் ஏற்றுமதிப் பக்கத்துக்குப் போய் மீடியா லைப்ரரி முழுவதையும் ஒரே கட்டாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செக்கானூரணி டீச்சர்

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். முக்கால்வாசிப் படம் பிள்ளைகளின் வீட்டுப் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. எடுத்த தேதியே அதில் இல்லையே?

இணைய வேலை

ஆமாம், படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அளவையும் குறைக்கும், உள்ளே இருக்கும் தேதி, இடக் குறிப்பையும் நீக்கிவிடும். கோப்புப் பெயரில் உள்ள தேதியை நம்பாதீர்கள், எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே வரும். பழையதற்கு உங்கள் வருகைப் பதிவேடுதான் துணை. எந்த ஞாயிறு எந்த மலை என்று அதில் இருக்குமே.

ஓவாமலை

அம்மா, நான் ஓய்வுபெற்றவன், கல்வெட்டு வாசிக்கப் பழகியவன். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். நூறு வருடத்துக்கு மேலாகக் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் எண்ணும் வருடமும்தான் அடையாளம். ஊர்ப் பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது. மலைக்கு ஓர் எண், மலைக்குள் இடத்துக்கு ஓர் எண், பிறகு வருடம்-மாதம்-நாள், கடைசியில் வரிசை. எந்த எண் எந்த இடம் என்பதை ஒரு நோட்டில் எழுதிப் பள்ளியிலேயே வையுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போனாலும் அடுத்து வருபவருக்குப் புரியும்.

'யானைமலைக் கல்வெட்டு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அங்கே பாறையைக் குடைந்து செய்த நரசிங்கப் பெருமாள் கோயிலிலேயே இரண்டு இருக்கின்றன. பாண்டிய அமைச்சர் மாறன் காரி அந்தக் கோயிலைத் தொடங்கி வைத்ததைச் சொல்வது வடமொழியில், கிரந்த எழுத்தில். கலியாண்டு 3871, அதாவது பொ.ஆ. (கி.பி.) 770. அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்ததைச் சொல்வது தமிழில், வட்டெழுத்தில். இரண்டுக்கும் தனித்தனி இட எண் வேண்டும்.

எந்தப் படத்தை வைப்பது என்றும் ஒன்று சொல்கிறேன். உச்சி வெயிலில் எடுத்ததில் எழுத்து தெரியாது. காலையோ மாலையோ வெளிச்சம் பாறை மேல் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு கீறலுக்கும் பக்கத்தில் நிழல் கட்டும், அதில்தான் வாசிக்க முடியும். ஒரு வரிக்கு இருபது படம் இருந்தால் அந்த ஒன்றைத் தளத்துக்கு அனுப்புங்கள். மற்றதை அழிக்காமல் வீட்டு டிஸ்கில் வையுங்கள், என்றாவது ஓர் எழுத்துக்கு உதவும்.

செக்கானூரணி டீச்சர்

ஐயா, நோட்டு போட்டாயிற்று. பழைய வருகைப் பதிவேட்டை வைத்து நானும் நாலு பிள்ளைகளும் சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்தோம். கொங்கர்புளியங்குளத்தை முதலில் எடுத்தோம்: 83 படம், தளத்துக்கு 11. படத்தைப் பார்த்ததும் "இது நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய இடம்" என்று பிள்ளைகளே அடையாளம் சொன்னார்கள். அதை அப்படியே விளக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

யானைமலைப் பதிவைச் சரி செய்தாயிற்று. அந்தப் பிள்ளையின் படம் அவள் அண்ணன் போனில் முழு அளவில் இருந்தது. மீதி எட்டுப் பதிவும் இந்த மாதத்துக்குள் முடியும்.

தேடிய படமும் கிடைத்தது. இப்போது அதன் பெயர் 09-03-20230709-04. சிற்பத்தின் இடப்பக்கம் பாறை சுத்தமாக இருக்கிறது, பெயின்ட் இல்லை. புதூர் ஸ்டூடியோ அண்ணே, இதை மனுவோடு வைக்க எந்த அளவில் பிரின்ட் போட்டால் நன்றாகத் தெரியும்?

புதூர் ஸ்டூடியோ

எட்டுக்குப் பத்து, மேட் பேப்பர். இப்போதைய படத்தையும் அதே கோணத்தில் எடுத்து வாருங்கள், இரண்டையும் போட்டுத் தருகிறேன். பணம் வேண்டாம் டீச்சர்.