அடைப்பு இல்லை என்றார்கள், ஆனால் இதயம் தளர்ந்திருந்தது

மேலூரிலிருந்து ஒரு மகள்:

போன ஆடியில் என் தாய்மாமா இறந்துபோனார். கேதத்துக்குப் போன அம்மா, நீர்மாலை எடுத்து வரும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சரிந்துவிட்டார். வயது 67. ஈ.சி.ஜி. எடுத்தவர்கள் மாரடைப்பு என்று மதுரைக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோகிராமில் இதயத்தின் ஒரு ரத்தக் குழாயிலும் அடைப்பு இல்லை. உடனே சொந்தக்காரர்கள், "ஒன்றுமில்லையாம், துக்கத்தில் வந்த மயக்கம்தான்" என்று ஊருக்குப் போன் செய்துவிட்டார்கள். எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை. நுரையீரலில் நீர் கோத்து ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தவர் அவர்.

இதயம் துடிப்பதைப் படமாகக் காட்டும் எக்கோ திரையை டாக்டர் எனக்கே காட்டினார். இதயத்தின் மேல்பாகம் ஓங்கிச் சுருங்குகிறது. கீழே நுனி உப்பிப்போய் அசையாமல் நிற்கிறது. குறுகிய வாய், உருண்ட அடி. எனக்குப் பதநீர்க் கலயம் நினைவுக்கு வந்தது. ஜப்பான் மருத்துவர்களுக்கு ஆக்டோபஸ் பிடிக்கும் பானை நினைவுக்கு வந்திருக்கிறது. பெரிய அதிர்ச்சியில் இதயத்தசை கொஞ்ச காலம் தளர்ந்துபோகும் இந்த நோய்க்கு, 1990-இல் டகோட்சுபோ என்று அந்தப் பானையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

திருமங்கலத்திலிருந்து, எக்கோ அறையில் வேலை பார்ப்பவர்:

அம்மாவுக்கு வந்தது நுனி உப்பும் வகை. பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்கள். மேல்பாகம் ஓங்கிச் சுருங்குவதால், சிலருக்கு ரத்தம் வெளியேறும் வழியே நெருக்கப்பட்டுவிடும். ரத்த அழுத்தம் இறங்குகிறதே என்று இதயத்தை முடுக்கும் மருந்தைக் கொடுத்தால் நெருக்கடி கூடிவிடும். அதனால் அந்த இடத்தை, ரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளரில் பார்க்காமல் நான் கருவியை எடுப்பதில்லை. அசையாத நுனியில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்றும் தேடுவேன்.

நடுப்பகுதி மட்டும் தளரும் வகையும் உண்டு. அதில் நுனி நன்றாகவே அசையும்; அதை மட்டும் பார்த்து இந்த நோய் இல்லை என்று முடிவுகட்டினால் தவறிவிடும். மேல்பாகம் தளர்ந்து நுனி துடிப்பது தலைகீழ் வகை, நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வரும். சிறு துண்டு மட்டும் தளர்வது அதைவிட அரிது. இதயத்தசை அழற்சியிலிருந்து அதைப் பிரித்தறிய எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

உசிலம்பட்டியிலிருந்து ஓர் அண்ணன்:

அந்தத் தலைகீழ் வகை என் தங்கைக்கு வந்தது, 39 வயதில். களத்தில் நெல் அள்ளிக்கொண்டிருந்தவளுக்கு மூளையில் ரத்தக் கசிவு. இதயம் அதன் பின்னால்தான் தளர்ந்தது. துக்கமும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனால் மன அழுத்தத்தால் வரும் நோய் என்று கேள்விப்பட்டதும், புகுந்த வீட்டில் என்ன கொடுமை என்று ஊரே விசாரிக்கத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை கூனிக் குறுகிப்போனார். மூளைக் கசிவு போல உடலுக்கு நேரும் அதிர்ச்சியும் இந்த நோயைக் கொண்டுவரும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

மேலூர் மகள்:

ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் அம்மாவின் நுனி பழையபடி சுருங்குகிறது. இரண்டு அறிக்கைகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோகிறேன்.