ஹால்ட்டர் பழக்கத்துக்கு ஒரு சொல்: 'கடிவாளப் பயிற்சி' வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம். குதிரைக்குட்டி பழக்குவதற்கான தமிழ்க் கையேட்டுக்குச் சொல் தேடுகிறேன். குட்டியைக் கயிற்றில் பிடித்து நடத்த அதன் தலையில் மாட்டுவது 'ஹால்ட்டர்', அதற்குக் குட்டியைப் பழக்குவது 'ஹால்ட்டர் டிரெய்னிங்'. இது பற்றி உங்களில் சிலர் எழுதியவற்றுக்கு என் பதில்.

> 'ஹால்ட்டர் டிரெய்னிங்' என்பதற்குக் 'கடிவாளப் பயிற்சி' போதுமே? எல்லோருக்கும் புரிகிற சொல்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கடிவாளம் என்றாலே வாய்க்குள் இரும்பு. 'கலினம்' என்ற பழைய சொல்லுக்கும் அதே பொருள்தான். ஹால்ட்டரில் வாய்க்குள் எதுவும் போகாது. மூக்குத்தண்டின் மேல் ஒரு பட்டை, காதுகளுக்குப் பின்னால் ஒரு பட்டை, தாடைக்கு அடியில் கயிறு மாட்ட ஒரு வளையம், அவ்வளவுதான். ஆள் பழகாத குட்டியைப் பற்றிய கையேட்டில் 'கடிவாளம்' என்று எழுதிவைத்தால், அதை நம்பி ஒருவர் அந்த இளம் வாயில் இரும்பைத் திணித்துவிடலாம். இந்த ஒரு சொல்லில் நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

ஹால்ட்டர் என்ற கருவிக்குத் 'தலைவார்' என்று ஒருவர் சொல்லியிருந்தார். வார் என்றால் தோல்பட்டை, பொருத்தம்தான். ஆனால் 'குட்டிக்குத் தலைவார் பழக்குங்கள்' என்று எழுதிப் பாருங்கள், சீப்பை எடுக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது. மாடு வைத்திருப்பவர்களிடம் 'தலைக்கயிறு' ஏற்கெனவே இருக்கிறது. நைலான் பட்டையில் செய்ததைக் கயிறு என்னலாமா என்றால், தாராளமாக என்னலாம். எள்ளில் பிறந்த எண்ணெய் தேங்காய்க்கும் மண்ணுக்கும் போகவில்லையா?

சரி, கருவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. செயலுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், சொல் அதிலிருந்தே வரட்டும்.

குதிரை ஓடிப் பிழைக்கிற விலங்கு. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர ஏறத்தாழச் சுற்றிலும் அதற்குத் தெரியும். முகத்துக்கு நேரே கை நீட்டிக்கொண்டு போனால் பயப்படும், தோளைப் பார்த்துச் சாய்வாகப் போக வேண்டும். நான் பழக்கிய ஒரு பெண்குட்டி, முதல் நாள் பத்தடி தூரத்திலேயே தலையைத் தூக்கிக்கொண்டது. அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு காது என் பக்கம் திரும்பியது. உடனே ஓரடி பின்வாங்கினேன். அன்றைக்கு வேலை அவ்வளவுதான். மூன்றாம் நாள்தான் பிடரிமயிர் முடிகிற மேட்டில் சொறியவிட்டது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. அந்த இடத்தில் கோதினால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. சொறியச் சொறிய அதன் மேலுதடு நீண்டு துடித்ததை இப்போதும் மறக்க முடியவில்லை.

தலைக்கயிறு ஏறிய பிறகு வருவதுதான் நமக்கு வேண்டியது. நேர் முன்னால் இழுத்தால் குட்டி நான்கு காலையும் ஊன்றிப் பின்னுக்குச் சாயும். பக்கவாட்டில் நின்று, கயிறு லேசாக விறைக்கும் அளவுக்குப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இழுப்பைக் கூட்டவும் இல்லை, விடவும் இல்லை. கழுத்து இறுகியது, மூக்குத்துளை விரிந்தது. அப்புறம் உடம்பின் பாரம் ஒரு பக்கம் மாறி, முன்னங்கால் ஒன்று அரையடி நகர்ந்தது. அந்த நொடியே கயிற்றைத் தொய்யவிட்டேன். குட்டிக்குப் பாடம் அந்தத் தொய்வில்தான் இருக்கிறது. சில நொடி தாமதித்துவிட்டால் எதற்காக விட்டோம் என்பது அதற்கு விளங்காது.

இனி சொல்லுக்கு வருவோம். 'அடக்குதல்' இதற்கு ஆகவே ஆகாது. 'வசக்குதல்' மாட்டுக்காரர் வாயில் இன்றும் வாழ்கிற சொல், அதை விட எனக்கு மனமில்லை. ஆனால் ஏர், வண்டி என்று எல்லாவற்றுக்கும் பழக்கி எடுப்பது அதில் அடங்கும், ஆகவே முழுப் பழக்கத்துக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம். இந்த முதல் படிக்கு நான் முன்வைப்பது கயிற்றிணக்கம். இணங்கு, இணக்கு என்று தன்வினையும் பிறவினையும் தயாராக இருக்கின்றன: ஆள் இணக்குகிறார், குட்டி இணங்குகிறது. குட்டி காலை நகர்த்துகிறது, ஆள் கயிற்றைத் தளர்த்துகிறார், ஆக இணக்கம் இருவர் பக்கமும் நடக்கிறது. 'பழக்கம்' என்ற சொல்லில் அந்த இரண்டாவது பக்கம் தெரிவதில்லை.

> கயிற்றை இறுக்கித் தளர்த்துவதற்கு 'விட்டுப்பிடித்தல்' என்ற அழகான வழக்கு இருக்கிறதே?

எனக்கும் முதலில் ஆசையாக இருந்தது. ஆனால் விட்டுப்பிடிப்பவர் பிறகு பிடிப்பதற்காகவே விடுகிறார். இங்கே விடுவதுதான் பரிசு. வரிசையை மாற்றிப் 'பிடித்துவிடுதல்' என்றால் கால் அமுக்கிவிடுவது போலாகிவிடும். உளவியல் பாடநூல்களில் இதற்கு 'எதிர்மறை வலுவூட்டல்' என்று இருக்கிறது. 'எதிர்மறை' என்றதும் தண்டனை என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே விலக்கப்படுவது இறுக்கம், வலுப்பெறுவது நல்ல நடத்தை. அதனால் கையேட்டில் வெறுமனே 'தளர்வு' என்று எழுதலாம்: 'இறுக்கம் கொடு, காத்திரு, அசைந்ததும் தளர்வு கொடு.'

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று சோதித்தேன்:

'கயிற்றிணக்கம் வரும்வரை குட்டியைக் கம்பத்தில் கட்டாதீர்கள். பயந்து பின்னுக்கு இழுத்தால் கழுத்தில் காயம்படும்.'

'தலைக்கயிற்றோடு மேயவிடாதீர்கள். காதைச் சொறியத் தூக்கும் பின்னங்குளம்பு அதில் மாட்டிக்கொள்ளும். வளரும் குட்டிக்குத் தலையும் பெரிதாகிக்கொண்டே போகும், பட்டை இறுகிவிடும்.'

'கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.' (நான் ஒருமுறை சுற்றிக்கொண்டேன். உள்ளங்கைத் தோல் உரிந்து, ஆற இரண்டு வாரம் ஆயிற்று. இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.)

மூன்றும் தடுக்காமல் படிக்க வருகின்றன.

இன்னொன்று கேட்க வேண்டும். மேலே 'பிடரிமயிர் முடிகிற மேடு' என்று சுற்றி வளைத்தேன் அல்லவா, அதற்கு ஒரு சொல் தேவை. 'திமில்' காளைக்கு உரியது, குதிரைக்கு அது இல்லை. குதிரையின் உயரத்தை அளப்பதும் அந்த மேடு வரைக்கும்தான் என்பதால் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்குத் 'தோள்மேடு' என்று எழுதிவருகிறேன். குதிரைக்காரர்கள் வாயில் வேறு சொல் கேட்டிருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்