குதிரைப் பந்தயப் பரிசு யார் கைக்குப் போகிறது?

மேலூர்க்காரன்:
அக்கா மகன் பெங்களூரில் ஒரு லாயத்தில் குதிரை பார்க்கும் வேலைக்குப் போகிறான். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டுவண்டிப் பந்தயம்தான். பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என எந்தப் பிரிவானாலும் பரிசு மாட்டுக்காரருக்கு. சாரதிக்கு அவர் பார்த்துக் கொடுப்பார். குதிரையில் எப்படி? இவனுக்கு ஏதாவது தேறுமா?

பழைய லாயக்காரன், திருமங்கலம்:
அண்ணே, பரிசில் பெரும்பங்கு குதிரை உரிமையாளருக்குத்தான். பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் அதில் சதவீதக் கணக்கு உண்டு. தோற்றாலும் ஜாக்கிக்குச் சவாரிக் கூலி வந்துவிடும். உரிமையாளர் பாடுதான் திண்டாட்டம்: குதிரை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொள்ளு, ஓட்ஸ், குதிரை மசால், லாடம், வைத்தியர் என்று மாதாமாதம் அழ வேண்டும். போட்டதை எடுப்பவர்கள் குறைவு.
உங்கள் பையனுக்கு மாதச் சம்பளம். ஜெயித்த அன்று இனாம் கிடைக்கும், அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். விடியுமுன் குதிரையின் முன்னங்காலைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தசைநாணில் சூடு தெரிந்தால் உடனே பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடிக்கிற பையனை எந்த லாயமும் விடாது.

மேலூர்க்காரன்:
சரி தம்பி. அப்புறம், பரிசுப் பணமே எங்கிருந்து வருகிறது?

வைகைக்கரை:
உரிமையாளர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம், விளம்பரதாரர், அப்புறம் டோட், அதாவது கிளப் நடத்தும் பந்தயம் கட்டுகிற ஜன்னல். டோட்டில் பந்தயம் கட்டிய பணம் முழுதும் ஒரே குவியல். கிளப் தன் பங்கையும் (பரிசுக்குப் பணம் இதிலிருந்துதான்) வரியையும் எடுத்தபிறகு மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். 2023 அக்டோபரில் கட்டுகிற முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது, 2025 செப்டம்பரில் அது 40 சதவீதம் ஆனது. பையன் சம்பளத்தை அந்த ஜன்னலில் கட்டாமல் இருந்தாலே போதும்.